அளவுகோல் தயார்

"நீ படிக்காத பொண்ணுதானே?"

சிறார் குடல்-மூளை மேம்பாட்டு நிலையத்தின் இயக்குநர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. வேலைக்கான நேர்காணலில் அவர் கேட்ட ஒரே கேள்வியும் இதுதான். நான் எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றவள். படித்தவள் என்று சொன்னால் பொய். படிக்காதவள் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, "ரொம்ப நல்லது" என்றார். என் படிப்பைப் பற்றி ஒருவர் சந்தோஷப்பட்டது அதுவே முதல் தடவை.

அந்த வேலைக்குப் படிக்காதவள்தான் வேண்டும் என்பது நிலையத்தின் விதி. தாய்மார்கள் திங்கட்கிழமைதோறும் குழந்தையின் மலத்தைச் சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் கொண்டுவந்து ஜன்னலில் கொடுப்பார்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் குழந்தையின் பெயர் எழுதி ஒட்டியிருக்கும். அவற்றைத் தட்டில் அடுக்கி மாடியில் இருக்கும் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போகிறவளுக்கு எது யாருடையது என்று தெரியக்கூடாது. தெரிந்தால் ஆராய்ச்சியின் நடுநிலைமை கெட்டுவிடும்.

"மத்த இடத்துல பேரை மறைச்சு நம்பர் போடுவாங்க" என்று இயக்குநர் விளக்கினார். "அதுக்கு ஒரு ஆள், ஒரு ரெஜிஸ்டர், ஒரு அலமாரி வேணும். நாங்க படிக்கத் தெரியாத ஒருத்தியை வச்சிருக்கோம். எவ்வளவு எளிமை பாரு."

எளிமைதான். ஒரே ஒரு குறை, எனக்குப் படிக்கத் தெரியும். பொட்டலம் கட்டி வரும் தாளைக்கூடப் பிரித்து நீவிப் படிக்கிறவள் நான். ஆனால் அதை யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

நான் இந்த வேலைக்கு வந்ததே பொத்தானுக்காக. பொத்தான் என் அக்கா மகன். அக்கா ஒரு தையல் கூடத்தில் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிறாள். பிறந்த இருபதாம் நாளிலிருந்து அவள் காலடியில் பொத்தான் குவியலுக்கு நடுவில் கிடந்து வளர்ந்ததால் அவனுக்கு அந்தப் பெயர். இரண்டே கால் வயது தாண்டியும் ஒரு வார்த்தை பேசவில்லை. கால்கள் இரண்டும் குடைக்கம்பி. உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பான். நல்ல பிள்ளை, தொந்தரவே இல்லை என்று தையல் கூடத்தில் எல்லோரும் அக்காவைப் பாராட்டினார்கள்.

நிலையத்தின் நர்ஸம்மா மட்டும் பாராட்டவில்லை. அவன் கையின் சுற்றளவை நாடாவால் அளந்து பார்த்துவிட்டு, "பசிச்சா அழற புள்ளையப் பத்தி நான் கவலைப்படமாட்டேம்மா. இவன் அழவே மாட்டேங்கறான்" என்றார்.

"அதுக்கு என்ன மருந்து சிஸ்டர்?" என்றாள் அக்கா.

"மருந்து இல்ல. முட்டை, பால், பருப்பு, பழம். நாலும் தினம் வேணும். மூளை கட்டி எழும்பற வயசு இது. இப்ப விட்டுட்டா அப்புறம் பிடிக்கறது கஷ்டம்."

நிலையத்தில் அந்த நாலும் இருந்தன. ஏழு முட்டை, ஒரு பால்பொடி டப்பா, ஒரு பருப்புப் பொட்டலம், ஏழு வாழைப்பழம். எல்லாம் ஒரு மஞ்சள் அட்டைப்பெட்டியில் போட்டு வாரம் ஒன்றாகக் கொடுப்பார்கள். பெட்டியின் மேல் சிரிக்கும் குடல் ஒன்று, சிரிக்கும் மூளையோடு கைகுலுக்கும் படம். அந்தப் பெட்டி பொத்தானுக்குக் கிடைக்க வேண்டும். அவ்வளவுதான் எங்களுக்கு வேண்டியது.

அதற்கு அவன் குடல் தகுதி பெற வேண்டியிருந்தது.

இயக்குநர் தாய்மார்களுக்கு வகுப்பு எடுப்பார். இருபத்திரண்டு பேர் மடியில் குழந்தையோடு பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். நான் ஓரத்தில் தட்டோடு நிற்பேன்.

"நம்ம குடலுக்குள்ள கோடிக்கணக்கான பாக்டீரியா குடியிருக்கு" என்பார். "நாம சாப்பிடறதை அதுங்கதான் உடைச்சுப் பதப்படுத்துது. அதுல நல்ல கூட்டம் இருந்தாத்தான் புள்ளைக்குச் சத்து ஒட்டும், மூளையும் வளரும்."

இதுவரைக்கும் நர்ஸம்மா தலையாட்டிக்கொண்டிருப்பார். அடுத்த வாக்கியத்தில் நிறுத்திவிடுவார்.

"ஆகையினால, குடல் சரியில்லாத குழந்தைக்குச் சாப்பாடு கொடுக்கறது, பல்பு இல்லாத வீட்டுக்குக் கரண்ட் விடற மாதிரி. வீண். முதல்ல குடல் தேறட்டும். அறுபது மார்க் எடுக்கட்டும். அப்புறம் பெட்டி."

இரட்டைக் குழந்தைகளின் அம்மா ஒருத்தி இருந்தாள். இரண்டு தொடையிலும் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு அவள்தான் கேட்டாள்.

"குடல் எப்படி சார் தேறும்?"

"நல்ல சத்தான சாப்பாடு விடாம குடுத்தா தானாத் தேறிடும்."

"அந்தச் சாப்பாடு சார்?"

"குடல் தேறினதும் நாங்களே குடுப்போம்."

 அவள் இடது தொடையில் இருந்ததை வலது தொடைக்கும் வலது தொடையில் இருந்ததை இடது தொடைக்கும் மாற்றி வைத்துக்கொண்டாள்.

குடல் தேறும் வரைக்கும் ஆளுக்கு ஒரு ஆலோசனைத் தாள் கொடுத்தார்கள். வழவழப்பான தாள், நாலு வண்ணம். வாரத்துக்கு முப்பது வகைத் தாவர உணவு தரவேண்டும் என்று பட்டியல் போட்டிருந்தது. அக்கா அதை வீட்டில் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"முப்பது வகையாடி? நம்ம வீட்டுல மொத்தமே முப்பது பொருள் கிடையாது, பாயையும் விளக்குமாத்தையும் சேர்த்தாக்கூட."

பொத்தான் அந்தத் தாளில் இருந்த கேரட்டை நக்கினான்.

வயதுக்கு ஒரு கெடுவும் இருந்தது. ஒவ்வொரு குழந்தையின் கோப்பிலும் அன்றைக்கு அதற்கு எத்தனையாவது நாள் என்று முத்திரை குத்துவார்கள். ஆயிரமாவது நாளில் கோப்பை மூடிவிடுவார்கள். கருவான நாளிலிருந்துதான் ஆயிரம் எண்ண வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லியிருக்கிறார். கருவான நாளுக்கு யாரும் சான்றிதழ் கொண்டுவராததால், பிறந்த நாளிலிருந்து எண்ண இயக்குநர் பெரிய மனது பண்ணி அனுமதித்தாராம். பொத்தானுக்கு முதல் முத்திரை 871.

இனி மார்க் போடும் விதத்தைச் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அவர்கள் கூச்சப்படாததால் நானும் சொல்லிவிடுகிறேன்.

நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட, நூறு என்பது எது என்று தெரிய வேண்டும். நல்ல ஆரோக்கியமான குழந்தை ஒன்றின் குடலை நூறு என்று வைத்துக்கொள்ளலாம் என்று நர்ஸம்மா யோசனை சொன்னாராம். நிலையத்தை நடத்தும் குழுவில் இருந்த ஒன்பது பேரும் தங்கள் பேரப்பிள்ளையே மிக ஆரோக்கியமானது என்றார்கள். இரண்டு கூட்டம் அதிலேயே அடிதடிவரை போனது. மூன்றாவது கூட்டத்தில் இயக்குநர் எழுந்து, யாருக்கும் மனவருத்தம் வேண்டாம் என்று தன்னுடையதையே தந்துவிட்டார்.

ஆக, நிலையத்தில் நூறு என்பது இயக்குநரின் குடல். அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. எந்தக் குழந்தையின் வயிற்றுக்குள் அவருடையதைப் போன்ற பாக்டீரியா எவ்வளவு இருக்கிறதோ, அது அந்தக் குழந்தையின் மார்க்.

"சார், பெரியவங்க குடல் வேற, பால்குடி மாறாத பிள்ளைங்க குடல் வேற" என்று நர்ஸம்மா ஒருமுறை எழுதிக் கொடுத்தார். அதற்கு முன்பு அவர் ஆய்வுப் பிரிவில் இருந்தார். அதற்குப் பிறகு எடை பார்க்கும் பிரிவுக்கு வந்தார்.

அளவுகோல் பழசாகக் கூடாது என்பதால் வாராவாரம் புதுப்பிக்கப்பட்டது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தாழ்வாரத்தில் எல்லோரும் வரிசையாக நிற்போம். மின்விசிறிகளை நிறுத்துவார்கள், சத்தம் இயக்குநரின் கவனத்தைக் கலைக்குமாம். குழந்தை அழுதால் வெளியே தூக்கிப் போக வேண்டும். இயக்குநர் தன் அறையை ஒட்டிய கழிப்பறைக்குள் போவார். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும். பச்சைக்கு மாறியதும் வாட்ச்மேன் அண்ணன் தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி, "அளவுகோல் தயார்" என்பார். மூச்சை விட்டு எல்லோரும் உட்காருவார்கள். நான் வெள்ளித் தட்டோடு போய் நீல மூடி போட்ட கண்ணாடிக் கிண்ணத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். இயக்குநர் அதைக் கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும், "பத்திரம்" என்பார்.

அவர் மாநாட்டுக்குப் போயிருந்தால் வாசலில் "அளவுகோல் வெளியூர் போயிருக்கிறது" என்று பலகை தொங்கும். இருபத்திரண்டு பேரும் கிண்ணங்களோடு திரும்பிப் போவார்கள். ஒரு திங்கட்கிழமை அவர் ஊரிலேயே இருந்தும் சிவப்பு விளக்கு பத்தரை வரை மாறவில்லை. அலுவலகம் கலங்கிப்போனது. கடைசியில் மஞ்சள் பெட்டிகள் நாலைப் பிரித்து, வாழைப்பழங்களை ஒவ்வொன்றாகக் கதவு இடுக்கு வழியே உள்ளே கொடுத்தார்கள். பதினொன்றாவது பழத்தில் பச்சை எரிந்தது. பிள்ளைகளுக்கான பழம் ஆராய்ச்சிக்குப் பயன்பட்டதாகப் பதிவேட்டில் எழுதினார்கள். உண்மையைச் சொன்னால் அது பொய்யில்லை.

பொத்தான் முதல் திங்கட்கிழமை பதினொரு மார்க் வாங்கினான். அடுத்த வாரம் ஒன்பது. அதற்கடுத்த வாரம் எட்டு.

"குறைஞ்சுகிட்டே போறானே" என்று ஜன்னலில் இருந்த குமாஸ்தா அக்காவைக் கண்டித்தார். "வீட்ல உக்காத்தி வச்சு சொல்லிக் குடுக்கறதில்லையா?"

"எதைங்க சொல்லிக் குடுக்கணும்?"

"முயற்சி வேணும்மா."

அறுபதுக்கு மேல் வாங்கியது நாலே குழந்தைகள். நால்வரும் கன்னம் இரண்டும் தொங்கத் தொங்க வருகிறவர்கள். அவர்களில் ஒருத்தியின் அம்மா பெட்டியில் இருந்த பருப்பைக் கிளறிப் பார்த்து, "இது நல்லா வேகாது" என்றாள்.

அந்த வாரம் வீட்டில் பொத்தான் சுவரோரம் உட்கார்ந்து, தையல் கூடத்திலிருந்து கொண்டுவந்த ஒரு பெரிய கோட்டுப் பொத்தானை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தான். அக்கா விரலை விட்டு வெளியே எடுத்தாள். அவன் அழவில்லை. அடுத்த பொத்தானை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

அக்கா என்னைப் பார்த்தாள். "நீ அங்கதானே இருக்கே" என்றாள். 

892 என்று முத்திரை குத்திய திங்கட்கிழமை. ஜன்னல் வரிசை முடிந்து, இயக்குநரின் கிண்ணமும் குழந்தைகளின் கிண்ணங்களும் அடுக்கிய தட்டோடு மாடிப்படி ஏறினேன். படி திரும்பும் இடத்தில் தாய்மார்களுக்கான கழிப்பறை உண்டு. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். பொத்தானின் பெயரை இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன். அவன் கிண்ணத்தைக் கொட்டிக் கழுவினேன். நீல மூடியைத் திறந்து, மரக்குச்சியால் நாட்டின் தலைசிறந்த குடலிலிருந்து ஒரு சுண்டைக்காய் அளவு எடுத்து அவனுடையதில் வைத்தேன்.  நாற்றத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. நூற்றுக்கு நூறு நாற்றம்.

பொத்தான் தொண்ணூற்றேழு வாங்கினான்.

குமாஸ்தா எழுந்து நின்று அக்காவுக்கு வணக்கம் வைத்தார். "பாத்தீங்களா, முயற்சி" என்றார்.

மஞ்சள் பெட்டியை இடுப்பிலும் பொத்தானைத் தோளிலும் வைத்துக்கொண்டு அக்கா வீடு வந்தாள். கதவைச் சாத்திய பிறகு நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தாள்.

"அப்ப எம்புள்ள வயித்துல இப்ப டைரக்டரா?"

"பேப்பர்ல மட்டும்தான்க்கா."

"அது போதும். அவரும் பேப்பர்லதானே டைரக்டர்." பிறகு சிரிப்பை நிறுத்தி என் கையைப் பிடித்தாள். "இவனுக்கு மட்டும் பண்ணு. வேற யாருக்கும் வேணாம். என்ன, புரியுதா?"

அன்று பொத்தான் ஒரு முட்டை சாப்பிட்டான். முதலில் அதைப் பெரிய பொத்தான் என்று நினைத்துச் சப்பினான். அக்கா பிட்டு ஊட்டியதும் அவன் முகம் மாறியதே, அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. யாரோ அவன் பெயரைக் கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்த்தான். அந்த வாரக் கடைசியில், முட்டை வைத்திருந்த அலமாரியின் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று அதை அடிக்கத் தொடங்கினான். முட்டை தராவிட்டால் அழுதான். அக்கா அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள், பாட்டு கேட்பது போல.

899-ஆம் நாள் மறுபடியும் தொண்ணூற்றேழு. மறுபடியும் பெட்டி.

அன்று சாயங்காலம் நான் வேலை முடிந்து வெளியே வரும்போது இரட்டைக் குழந்தைகளின் அம்மா வாசலில் நின்றிருந்தாள். இரண்டும் அவள் தோள்களில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன, ஈரத்துணி போல.

"தங்கச்சி, உங்க பொத்தானுக்கு என்ன குடுத்தீங்க, குடல் தேறறதுக்கு?"

நான் நின்றேன்.

"எதுவானாலும் சொல்லும்மா. நானும் குடுத்துப் பாக்கறேன். ஒண்ணுக்குக் கெடச்சாக்கூடப் போதும், ரெண்டும் பிரிச்சுத் தின்னுக்கும்."

நான் தலையைக் குனிந்துகொண்டே நடந்துவிட்டேன். வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் குடலுக்கு யாராவது மார்க் போட்டிருந்தால் பூஜ்யம் வந்திருக்கும்.

906-ஆம் நாள் காலையில் இயக்குநர் மூன்று நாள் ஊட்டச்சத்து மாநாடு ஒன்றில் விருந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருந்தார். பச்சை விளக்கு எட்டு மணி இரண்டு நிமிடத்துக்கே எரிந்தது. கண்ணாடிக் கிண்ணம் மூடி மூடாத அளவுக்கு நிறைந்திருந்தது. படி திரும்பும் இடத்தில் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. அந்த நிலையத்தில் பாரபட்சம் இல்லாமல் பங்கிடப்பட்ட பொருள், எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான்.

இருபத்துமூன்று குழந்தைகளும் தொண்ணூற்றேழு.

ஜன்னலில் சத்தம் கிளம்பியது. குமாஸ்தா ஒவ்வொரு பெயராகப் படிக்கப் படிக்கத் தாய்மார்கள் கைதட்டினார்கள். இரட்டைக் குழந்தைகளின் அம்மா இரண்டு பெயரையும் திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு எல்லோரும் பெட்டிக்காக வரிசையில் நின்றார்கள்.

பெட்டி ஐந்துதான் இருந்தது.

குமாஸ்தா உள்ளே போனார். வெளியே வந்தார். மறுபடி உள்ளே போனார். எண்ணிப் பார்த்தபோது எனக்கு விளங்கியது. நிலையம் தொடங்கிய நாளிலிருந்து நாலைந்து பெட்டிக்கு மேல் அவர்கள் வாங்கியதே இல்லை. எல்லாக் குழந்தையும் தகுதி பெறும் என்று அந்தக் கட்டடத்தில் ஒருவரும் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அவசரக் கூட்டம் போட்டார்கள். தேநீர் கொண்டுபோனது நான்.

"இதுல ஒரு பெரிய உண்மை இருக்கு" என்று இயக்குநர் மேசையைத் தட்டினார். "இந்த இருபத்துமூணு குழந்தைங்கள்ல பதினெட்டுக்கு நாம இதுவரைக்கும் என்ன குடுத்திருக்கோம்?"

"ஒண்ணும் குடுக்கலை சார்" என்றார் குமாஸ்தா.

"தப்பு. ஆலோசனைத் தாள் குடுத்திருக்கோம். தாள் மட்டும் வாங்கின குழந்தையும் தொண்ணூத்தேழு, பெட்டி வாங்கின குழந்தையும் தொண்ணூத்தேழு. அப்ப பெட்டியால என்ன பிரயோஜனம்?"

ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார். இன்னொருவர் எடுத்துக் குறித்துக்கொண்டார். பெட்டியை நிறுத்திவிட்டு இன்னும் தடித்த தாளில் அச்சடிப்பது என்று தீர்மானமானது. சாதனையை அறிவிக்க இரண்டு வாரத்தில் ஒரு விழா. ஐந்து பெட்டிகளும் விழாவில் பார்வைக்கு வைக்க உள்ளே எடுத்துப் போகப்பட்டன.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"இவனுக்கு மட்டும்னு சொன்னேன்ல?"

"அந்த ரெட்டைப் புள்ளைங்க..."

"சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

பொத்தான் அலமாரியை அடித்து அழுதுகொண்டிருந்தான். அக்கா நூலைக் கடித்து அறுத்தாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைப்பாள், வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

அடுத்த திங்கட்கிழமை நானே இயக்குநரின் அறைக்குப் போனேன். அதுவரை யாரிடமும் தானாகப் போய்ப் பேசியவள் இல்லை நான். கதவைத் தட்டுவதற்கே எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

"சார், அந்த மார்க்கெல்லாம் பொய். எல்லாக் கிண்ணத்துலயும் நீங்கதான் சார் இருந்தீங்க. நான்தான் மாத்தினேன். பிள்ளைங்களுக்குக் குடல் தேறலை. பெட்டியைக் குடுங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை. ஒரு கணக்கை விளக்குவது போலப் பொறுமையாகப் பேசினார்.

"எது யாரோட கிண்ணம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"படிச்சேன் சார்."

"அப்ப நீ படிச்சவ."

"எட்டாவது பாதி வரைக்கும்."

"படிச்சவன்னா இந்த வேலைக்கு உன் நியமனம் செல்லாது. நியமனம் செல்லலைன்னா நீ இங்க வேலையே பாக்கலை. இங்க வேலை பாக்காத ஒருத்தி எப்படிம்மா கிண்ணத்தைத் தொட்டிருக்க முடியும்?"

நான் யோசித்துப் பார்த்தேன். எங்கே தப்பு என்று பிடிக்க முடியவில்லை.

"முடியாதுல்ல?" என்றார். "அப்ப நீ மாத்தலை. மாத்தலைன்னா மார்க் சரி. மார்க் சரின்னா பெட்டி தேவையில்லை. போ, போய்த் தட்டைக் கழுவு."

கதவருகே போனபோது கூப்பிட்டார். "இன்னொண்ணு. இனிமே எதையும் படிக்காதே. வேலைக்கு நல்லதில்லை."

விழா நாள் 920. கூடத்தில் மேடை போட்டு, பின்னால் சிரிக்கும் குடலின் படத்தை ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தார்கள். மேடையின் ஒரு பக்கம் முப்பது வகைக் காய்கனிகள் கோபுரமாக அடுக்கப்பட்டிருந்தன. எல்லாம் மெழுகும் பிளாஸ்டிக்கும். பக்கத்தில் ஐந்து மஞ்சள் பெட்டிகள். வந்த விருந்தினர்களுக்கான சிற்றுண்டி மட்டும் நிஜம். தலைமை விருந்தினராக மேலிடத்து அதிகாரி ஒருவர் வந்திருந்தார். அவர் முன்னால் ஒரு தட்டில் அவித்து உரித்த முட்டைகள், உப்பும் மிளகுத்தூளும் தூவி. என்னை வாசல் கதவுக்கு அருகே நிறுத்தியிருந்தார்கள். எதிர்ப் பக்கம் வாட்ச்மேன் அண்ணன்.

இயக்குநர் மைக் முன்னால் வந்தார். மேடையில் ஏறிவிட்டால் அவர் அச்சடித்தது போலப் பேசுவார்.

"பெரியோர்களே, தாய்மார்களே. ஒரு மனிதன் தன் உழைப்பைத் தருவான், நேரத்தைத் தருவான். நான் என் குடலைத் தந்தேன். இன்று என் பாக்டீரியாக்கள் இருபத்துமூன்று பிஞ்சு வயிறுகளில் வாழ்கின்றன. ஒரு முட்டை கொடுக்கவில்லை. ஒரு சொட்டுப் பால் கொடுக்கவில்லை. வெறும் வழிகாட்டுதலால் சாதித்தோம். உணவு கொடுப்பது எளிது, யார் வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம். கொடுக்காமல் இருப்பதற்குத்தான் ஒரு நிலையம் தேவைப்படுகிறது."

நல்ல கைதட்டல். நர்ஸம்மா முதல் வரிசையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எட்டு மதிப்பெண்ணிலிருந்து ஒரே வாரத்தில் தொண்ணூற்றேழுக்குத் தாவிய குழந்தையை இப்போது மேடைக்கு அழைக்கிறேன்."

அக்கா பொத்தானைத் தூக்கிக்கொண்டு மேடையேறினாள். கீழே நிறுத்தினாள். அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெட்டி நின்று இரண்டு வாரமாகிவிட்டது. கன்னத்தில் வந்திருந்த கொஞ்சமும் போய்விட்டது. அவன் கண் காய்கனிக் கோபுரத்தில் விழுந்தது. கீழே இருந்த சிவப்பு ஆப்பிளை உருவிக் கடித்தான். பிளாஸ்டிக்கில் நாலு பல் பதிந்தது. எல்லோரும் ரசித்துச் சிரித்தார்கள்.

தலைமை விருந்தினர் குனிந்தார். "தம்பி, உனக்கு என்னப்பா வேணும்?"

பொத்தான் ஆப்பிளைக் கீழே போட்டான். அவர் முன்னால் இருந்த தட்டைப் பார்த்தான். அவன் உதடு இரண்டும் ஒட்டிப் பிரிந்தன. மறுபடி ஒட்டின.

"முத்தை" என்றான்.

அதுதான் அவன் பேசிய முதல் வார்த்தை. அக்கா கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"முத்தை" என்றான் மறுபடியும், விரலை நீட்டி.

 இயக்குநர் மைக்கைப் பிடுங்காத குறையாகப் பிடித்துக்கொண்டார். அவர் குரல் தழுதழுத்தது.

"கேட்டீர்களா? கேட்டீர்களா? நாம் கொடுத்த தாளில் முட்டையே கிடையாது. முட்டை கொடுக்காமலேயே முட்டை என்று சொல்கிறான். குடலிலிருந்து மூளைக்குப் பாதை திறந்துவிட்டது."

கைதட்டல் கூரையில் மோதியது. தலைமை விருந்தினரும் எழுந்து நின்று தட்டினார். பொத்தான் அந்தச் சத்தத்தில் மிரண்டு, விரலை மட்டும் மடக்காமல் தட்டை நோக்கியே நீட்டிக்கொண்டிருந்தான். விருந்தினருக்கு மனம் இளகிப்போய், ஒரு முட்டையை எடுத்து அவனிடம் நீட்டப்போனார். இயக்குநர் மெதுவாக அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"வேண்டாம் சார். இந்த நிலைமையில் முட்டை கொடுத்தா, முடிவு கெட்டுடும்."

விருந்தினர் புரிந்துகொண்டு தலையாட்டினார். முட்டையைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

அக்கா பொத்தானைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அவசரப்படவில்லை. மேசையருகே போய் முட்டைத் தட்டை அப்படியே எடுத்தாள். உப்புக் குப்பியையும் அதே தட்டில் வைத்துக்கொண்டாள். மேடையின் படிகளில் இறங்கி, மற்ற தாய்மார்களின் வரிசை வழியாக நடந்தாள். இரட்டைக் குழந்தைகளின் அம்மாவுக்கு அருகில் வந்ததும் நின்றாள். இரண்டு முட்டையை எடுத்து இரண்டு சின்னக் கைகளில் வைத்தாள். மேடையில் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். இதுவும் நிகழ்ச்சி நிரலில் இருப்பதாக நினைத்திருக்க வேண்டும். வாட்ச்மேன் அண்ணன் கதவை அகலத் திறந்து பிடித்தார்.

என்னைக் கடந்துதான் போக வேண்டும். பொத்தான் வாய் நிறைய மென்றுகொண்டு, கையில் இருந்த பாதி முட்டையை என் பக்கமாக நீட்டினான். நான் ஓரடி முன்னால் வந்து, "அக்கா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். தட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போனாள்.